கூலிச் சீட்டும் சமன்பாடும்

கூலிப் பட்டுவாடா நாளில் சங்கத்தின் வாயிலில் நிற்போர்க்கு இக்காட்சி பழக்கமானது. அங்கத்தினர் ஒருவர் பணத்தைப் பெறுகிறார். சீட்டை ஒருமுறை திருப்பிப் பார்க்கிறார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியேறுகிறார். தொகை சரிதானா என்று வினவினால், "சங்கத்தில் போட்டது சரியாகத்தான் இருக்கும்" என்பார் ஒருவர். "குறைவாகத்தான் தெரிகிறது, ஆனால் எப்படிக் கேட்பது?" என்பார் மற்றொருவர். முன்னது நம்பிக்கை, பின்னது ஐயம். இவ்விரண்டுமே கணக்கு ஆகா.

எடுத்துக்காட்டாக ஒரு சீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். நெசவாளர் ஒருவர் ஆறு புடவைகளை நெய்து ஒப்படைத்தார். கூலியில் நூற்றுக்கு 8 வீதம் சேமநிதிக்குப் பிடித்தம் உண்டு. அவர் முன்பணமாகப் பெற்றது ரூ. 1,500, அதில் ரூ. 300 முன்னரே திருப்பிச் செலுத்திவிட்டார். மீதி முன்பணத்தையும் இக்கூலியில் கழித்துக்கொண்டு அவர் கையில் தந்த தொகை ரூ. 2,616. புடவை ஒன்றுக்கு எந்த வீதத்தில் கூலி போடப்பட்டது என்பது சீட்டில் இல்லை. இத்தொகை சரியா, தவறா?

தெரிந்தவற்றைக் கொண்டு தெரியாத ஒன்றைக் கண்டறியும் இத்தகைய வேலைக்கென்றே ஏற்பட்டது இயற்கணிதம். அது பள்ளிக்கூடத்தோடு முடிந்துபோன பாடம் அன்று. ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாக்தாத் நகரில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி என்னும் அறிஞர் இக்கலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சொத்துப் பிரிவினை, வாணிகம், வழக்கு, நிலம் அளத்தல், வாய்க்கால் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்குத் தேவைப்படுவது என்பதாலேயே இதனை எழுதுவதாக அவர் தம் முன்னுரையில் கூறினார். அந்நூற்பெயரில் வரும் 'அல் ஜபர்' என்ற சொல்லிலிருந்தே 'அல்ஜீப்ரா' என்ற பெயர் பிறந்தது. ஆகவே, நமது கூலிச் சீட்டையும் விளைபொருள் விலையையும் பற்றி இக்கலையைக் கேட்பது, அதனைப் பிறந்த வீட்டிற்கே அழைத்துச் செல்வது போலாகும்.

எழுத்து என்பது ஓர் எண்ணே

தெரியாத எண்ணுக்கு ஒரு பெயர் வேண்டும். நம் நாட்டுக் கணித நூலோர் அதனை 'யாவத் தாவத்' என்றனர். 'எவ்வளவோ அவ்வளவு' என்பது அதன் பொருள். தெரியாத எண்கள் பல வருமாயின், கறுப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிறங்களின் பெயரை அவற்றிற்கு இட்டனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கரர் இயற்றிய 'பீஜகணித'த்தில் இம்முறையைக் காணலாம். சாயம் தோய்த்த நூலை நிறத்தால் பிரித்தறியும் நெசவாளர்க்கு இது புதிதன்று. நாம் எளிமை கருதி எழுத்துக்களைப் பயன்படுத்துவோம்.

ஒரு சங்கத்தின் நூல் கிடங்கை எடுத்துக்கொள்வோம். 40ஆம் நெம்பர் நூல் கட்டு ஒன்றின் விலை 'ந' ரூபாய் என்றும், 60ஆம் நெம்பர் நூல் கட்டு ஒன்றின் விலை 'ம' ரூபாய் என்றும் கொள்க. இங்கு ஒன்றை மறத்தலாகாது. 'ந' என்பது நூற்கட்டு அன்று. அதன் விலையாகிய எண். எழுத்தைப் பொருளாக எண்ணிக்கொள்வதே தொடக்கத்தில் பலரையும் குழப்புவது.

கிடங்கில் ஆரம்ப இருப்பு முறையே 5 கட்டும் 3 கட்டும். வரவு 4 கட்டும் 2 கட்டும். அங்கத்தினர்க்குக் கொடுத்தது 6 கட்டும் 1 கட்டும். கையிருப்பின் மதிப்பு:

5ந + 3ம + 4ந + 2ம − 6ந − ம

இத்தகைய தொடருக்குக் 'கோவை' என்று பெயர். கூட்டல், கழித்தல் குறிகளால் பிரிக்கப்பட்ட ஒவ்வொரு பகுதியும் ஓர் 'உறுப்பு'. ஒரே எழுத்தைக் கொண்டவை 'ஒத்த உறுப்புகள்'. ஒத்தவற்றை மட்டுமே ஒன்று சேர்க்கலாம். 40ஆம் நெம்பர் கணக்கில் 5 + 4 − 6 = 3. 60ஆம் நெம்பர் கணக்கில் 3 + 2 − 1 = 4. (எண் இல்லாமல் 'ம' என்று மட்டும் எழுதினால் '1ம' என்று பொருள்.) எனவே, நீண்ட அந்தக் கோவை

3ந + 4ம

என்று சுருங்கிவிடுகிறது. இதனை 7நம என்று மேலும் சுருக்கலாமா என்று சிலர் கேட்பர். சிறிய எண்களை இட்டுச் சோதித்துப் பார்ப்போம். ந = 2, ம = 5 எனில், 3ந + 4ம = 6 + 20 = 26. ஆனால் 7நம என்பது 7 × 2 × 5 = 70. இரண்டும் வேறு. விலை வேறான இரு நூல்களை ஒரே விலையில் கணக்கிட முடியாதது போலவே, ஒவ்வா உறுப்புகளையும் சேர்க்க முடியாது. ஐயம் தோன்றும்போதெல்லாம் இவ்வாறு எண்ணை இட்டுப் பார்க்கும் வழக்கம் நல்லது.

அடைப்புக்குறியும் கழித்தல் குறியும்

கட்டு ஒன்றுக்கு ரூ. 30 வண்டிக்கூலி ஆகிறதெனில், நான்கு கட்டுகளின் அடக்கம் 4(ந + 30). அடைப்பை நீக்கும்போது வெளியிலுள்ள 4, உள்ளிருக்கும் ஒவ்வோர் உறுப்பையும் பெருக்க வேண்டும். எனவே 4ந + 120. இதனை 4ந + 30 என்று எழுதினால், மூன்று கட்டுகள் வண்டிக்கூலி இல்லாமலே வந்து சேர்ந்தன என்று ஆகிவிடும்.

இனி, பணம் அதிகமாகத் தவறிப்போகும் இடத்திற்கு வருவோம். ஒருவருடைய கூலி ரூ. 4,800. அவர் முன்பணம் ரூ. 1,500, அதில் திருப்பிச் செலுத்தியது ரூ. 300. சேமநிதியை இப்போதைக்கு விட்டுவிட்டால், அவருக்குச் சேர வேண்டியது

4,800 − (1,500 − 300)

அடைப்பினுள் உள்ளது 1,200. ஆகவே விடை 3,600. அடைப்பை நீக்கி எழுதினால் 4,800 − 1,500 + 300 என்று வர வேண்டும். 300க்கு முன் இருந்த கழித்தல் குறி கூட்டலாக மாறியது ஏன்? அவர் உண்மையில் தர வேண்டியது 1,200 மட்டுமே. நாம் 1,500 முழுவதையும் கழித்தபோது 300 அதிகமாகக் கழித்துவிட்டோம். அதனைத் திரும்பக் கொடுப்பதே நியாயம்.

கி.பி. 628இல் நூல் செய்த பிரம்மகுப்தர், கூட்டற் குறியுடைய எண்ணைத் 'தனம்' என்றும், கழித்தற் குறியுடைய எண்ணை 'ருணம்', அதாவது கடன் என்றும் வழங்கினார். சூனியத்திலிருந்து கடனைக் கழித்தால் தனமாகும் என்பது அவர் வகுத்த விதிகளுள் ஒன்று. ஒருவன் கடனை நீக்குவது அவனுக்குப் பொருள் கொடுப்பதற்கு ஒப்பாகும் என்பதை அறிந்தவர்க்கு, குறி மாறும் விதியை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

குறியை மாற்ற மறந்து 4,800 − 1,500 − 300 என்று போட்டால் விடை 3,000. இழப்பு ரூ. 300 அன்று, ரூ. 600. கூட்ட வேண்டியதைக் கழித்தால் பிழை இருமடங்காகும். இதனை நினைவில் வைத்துக்கொள்க, பின்னர்ப் பயன்படும்.

சமன்பாடு ஒரு தராசு

இரண்டு கோவைகள் ஒரே மதிப்புடையவை என்று கூறுவதே 'சமன்பாடு'. இரண்டு இணைகோடுகளைச் சமக்குறியாக 1557ஆம் ஆண்டில் அச்சிட்டுக் காட்டியவர் ராபர்ட் ரெக்கார்டு. இணைகோடுகளைவிட ஒன்றுக்கொன்று சமமானவை வேறில்லை என்பது அவர் சொன்ன காரணம்.

சமன்பாட்டைத் தட்டுகள் சமமாக நிற்கும் தராசாகக் கருதுக. ஒரு தட்டில் சேர்த்ததை மறு தட்டிலும் சேர்த்தால் முள் நடுவிலேயே நிற்கும். எடுத்தாலும், ஒரே எண்ணால் பெருக்கினாலும், ஒரே எண்ணால் வகுத்தாலும் அவ்வாறே (வகுக்கும் எண் பூச்சியமாக இருத்தலாகாது). ஒரு தட்டில் மட்டும் கை வைப்பதே குற்றம்.

மூன்று மூட்டை உரமும் வண்டிச் சத்தம் ரூ. 70உம் சேர்ந்து ரூ. 1,120 ஆயிற்று. மூட்டை ஒன்றின் விலை 'ய' எனில்,

3ய + 70 = 1,120

இரு பக்கத்திலும் 70ஐக் கழிக்க: 3ய = 1,050
இரு பக்கத்தையும் 3ஆல் வகுக்க: ய = 350

'பக்கம் மாறினால் குறி மாறும்' என்று பள்ளியில் சொல்லுவது இதன் சுருக்கமேயாகும். 70 என்பது தானே தாண்டிப் போகவில்லை. இரு தட்டிலும் அதனை நாம் எடுத்தோம். இறுதியில் சரிபார்த்தல் இன்றியமையாதது. 3 × 350 + 70 = 1,120. விடை பொருந்துகிறது.

நூலின் நெம்பரைச் சோதித்தல்

நெசவாளர்க்கு இதன் பயன் யாதெனக் காண்போம். ஒரு சிட்டம் (கழி என்றும் கூறுவர்) 840 கஜம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கிறதோ, அதுவே பஞ்சு நூலின் நெம்பர். பத்து பவுண்டு கட்டில் 40ஆம் நெம்பர் நூல் 400 சிட்டம் இருத்தல் வேண்டும்.

40ஆம் நெம்பர் என்று சீட்டு ஒட்டிய கட்டிலிருந்து 20 சிட்டங்களை எடுத்து நிறுத்தபோது 252 கிராம் இருந்ததாகக் கொள்வோம். சிட்டம் ஒன்றுக்கு 252 ÷ 20 = 12.6 கிராம். ஒரு பவுண்டு 453.6 கிராம். உண்மையான நெம்பர் 'ய' எனில், 'ய' சிட்டங்கள் சேர்ந்து ஒரு பவுண்டு ஆக வேண்டும்.

12.6ய = 453.6
ய = 453.6 ÷ 12.6 = 36

நூல் 36ஆம் நெம்பர். பத்து பவுண்டுக்கு 400 சிட்டத்திற்குப் பதில் 360 சிட்டமே கிடைக்கும். குறைவது 40 சிட்டம். அதாவது 33,600 கஜம். இந்நூலைப் பாவு ஓட்டும்போது 'நூல் போதவில்லை' என்ற பழி நெசவாளர் மீதன்றோ விழும்? ஆயினும் அவசரப்பட்டுக் குறை கூறுதல் கூடாது. பஞ்சு நூல் மழைக்காலத்தில் ஈரத்தை வாங்கி எடை கூடும். சிட்டம் அளவு மாறிச் சுற்றப்பட்டிருப்பதும் உண்டு. நன்கு உலர்ந்த நூலில், வெவ்வேறு கட்டுகளிலிருந்து சிட்டங்களை எடுத்து, நீளத்தையும் அளந்து, பலமுறை சோதித்த பின்னரே காரியதரிசியிடம் எழுதித் தர வேண்டும்.

சீட்டுக்குத் திரும்புவோம்

நிற்க. முதலில் கண்ட சீட்டை இப்போது ஆராயலாம். புடவை ஒன்றின் கூலி 'ய' ரூபாய் எனக் கொள்க. ஆறு புடவைக்கு 6ய. சேமநிதி அதில் நூற்றுக்கு 8, அதாவது 0.48ய. கைக்கு வந்தது ரூ. 2,616. எனவே,

6ய − 0.48ய − (1,500 − 300) = 2,616

ஒத்த உறுப்புகளைச் சேர்க்க: 5.52ய − 1,200 = 2,616
இரு பக்கத்திலும் 1,200ஐக் கூட்ட: 5.52ய = 3,816
5.52ஆல் வகுக்க: ய = 691.30 (ஏறத்தாழ)

புடவைக்கு ரூபாய் 691, காசு 30! இத்தகைய கூலியை எந்தச் சங்கமும் நிர்ணயிப்பதில்லை. அறிவிப்புப் பலகையில் அவ்வகைப் புடவைக்கு ரூ. 800 என்று இருக்கிறதெனக் கொள்வோம். ய = 800 என்று இட்டுப் பார்த்தால், 5.52 × 800 = 4,416; அதில் 1,200 போக 3,216. சீட்டில் உள்ளது 2,616. வித்தியாசம் ரூ. 600.

கணக்கர்களிடையே ஒரு பழைய உபாயம் உண்டு. வித்தியாசம் வந்தால் அதனைப் பாதியாக்கி, அத்தொகை எங்கேனும் குறி மாறி நிற்கிறதா என்று தேடுவர். 600இல் பாதி 300. ஆம், திருப்பிச் செலுத்திய ரூ. 300! குமாஸ்தா அடைப்பை நீக்கும்போது குறியை மாற்ற மறந்து, கூட்ட வேண்டியதைக் கழித்துவிட்டார். அவர் வேண்டுமென்று செய்ததன்று. வேலை மிகுந்த நாளில் எவர்க்கும் நேரக்கூடியதே. ஆயினும் அந்த ரூ. 600 ஒரு குடும்பத்தின் அரிசிக்கும் எண்ணெய்க்கும் உரிய பணம். "குறைவாகத் தெரிகிறது" என்று முணுமுணுப்பதால் அது திரும்பாது. "ரசீதின்படி நான் செலுத்திய 300 ரூபாய் வரவில் சேராமல் பற்றில் சேர்ந்திருக்கிறது" என்று காட்டினால், மறுநிமிடமே சீட்டு திருத்தப்படும். யாருக்கும் மனக்கசப்பும் இல்லை.

விவசாயிகளுக்கு ஒரு கணக்கு

தெரியாத எண் இரு பக்கத்திலும் வருவதும் உண்டு. ஒரு விவசாயியிடம் பருத்தி இருக்கிறது. வியாபாரி வீட்டு வாசலுக்கே வந்து குவிண்டாலுக்கு ரூ. 7,100 தருகிறார். சங்கத்தின் விற்பனை நிலையத்தில் ரூ. 7,400 கிடைக்கிறது, ஆனால் லாரி வாடகை, சுமை எவ்வளவாயினும், ரூ. 1,800. (இவை கணக்குக்காகக் கொண்ட விலைகள்.) எத்தனை குவிண்டாலுக்கு இரண்டும் சமமாகும்? அதனை 'ய' என்க.

7,400ய − 1,800 = 7,100ய

இரு பக்கத்திலும் 7,100ய கழிக்க: 300ய − 1,800 = 0
இரு பக்கத்திலும் 1,800 கூட்ட: 300ய = 1,800
ய = 6

ஆறு குவிண்டாலில் இரண்டும் ஒன்றே. அதற்கு மேல் இருந்தால் சங்கம் இலாபம்; குறைந்தால் வாசல் விற்பனையே மேல். நான்கு குவிண்டால் மட்டுமே உடைய சிறு விவசாயி தனியாக லாரி பிடித்தால், 4 × 300 = 1,200 ரூபாய் அதிக விலை பெற்று, 1,800 ரூபாய் வாடகை கொடுத்து, ரூ. 600 இழப்பார். ஆகவே அவர் வியாபாரியிடமே விற்கிறார். அயலாரும் அவ்வாறே விற்கிறார்.

இத்தகைய மூவர் ஒன்று சேர்ந்து ஒரே லாரியில் ஏற்றினால் என்னாகும்? 12 குவிண்டாலுக்கு அதிக விலை ரூ. 3,600, வாடகை 1,800 போக மிச்சம் ரூ. 1,800; ஆளுக்கு ரூ. 600. தனித்துச் சென்றால் 600 இழப்பு. சேர்ந்து சென்றால் 600 இலாபம். கூட்டுறவின் பெருமையை மேடையில் பலவாறு பேசுவர். இச்சமன்பாடு அதனை நான்கு வரியில் காட்டிவிடுகிறது.

பயிற்சிக் கணக்குகள்

1. சுருக்குக: 7ந − 3ம + 2ந + 8ம − 4ந.
2. அடைப்பை நீக்கி மதிப்புக் காண்க: 2,000 − (900 − 250).
3. தீர்க்க: 5(ய − 4) = 3ய + 10.
4. இருபது சிட்டம் நூலின் எடை 151.2 கிராம். நெம்பர் என்ன?
5. வாசலில் குவிண்டாலுக்கு ரூ. 6,900, சங்கத்தில் ரூ. 7,150, லாரி வாடகை ரூ. 2,000. எத்தனை குவிண்டாலில் இரண்டும் சமமாகும்?

விடைகள்: (1) 5ந + 5ம. (2) 1,350. (3) ய = 15. (4) 60. (5) 8 குவிண்டால்.

விடையை முதலில் பாராமல், தாளில் போட்டுப் பார்த்துப் பின்னர் ஒப்பிடுக. வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருப்பின், அவர்களை அருகில் வைத்துக்கொண்டு போடுதல் இருவர்க்கும் நன்று.

1844ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் 28 பேர் சேர்ந்து ஒரு கூட்டுறவுக் கடையைத் தொடங்கினர். அவர்களுள் நெசவாளர்களும் இருந்தனர். கடை வளர்ந்தபின், உபரியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கை அங்கத்தினரின் கல்விக்கென்று ஒதுக்கினர். சங்கம் தம்முடையது என்று சொல்வதற்கு அதன் கணக்கைத் தாமே படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். நாமும் அடுத்த பட்டுவாடா நாளில் சீட்டை மடித்துப் பையில் வைப்பதற்கு முன், ஒரு துண்டுத் தாளில் 'ய' என்று எழுதித் தொடங்குவோமாக.